பாலைக்கரியா, பிரிக்கெட்டா? எண்ணெய்ப் பரலோடு நாலு மாதம்

முதல் கோழியை எங்கள் வீட்டு நாய் மணந்து பார்த்துவிட்டு அப்பால் போய்ப் படுத்துக்கொண்டது. வெளியே கறுப்பு, உள்ளே நன்றாகத்தான் வெந்திருந்தது. ஆனால் வாயில் வைத்தால் வேப்பம்பட்டைக் கசப்பு. நாலரை மணித்தியாலம் பக்கத்தில் காவல் இருந்து புகைபோட்ட கோழி. பிழை கரியில் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. எண்ணெய்ப் பரலை வெட்டி நான் செய்த புகையடுப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பரல் முல்லைத்தீவுப் பக்கத்துப் பேக்கரி ஒன்றில் இருந்து வந்தது. சமையல் எண்ணெய் வந்திறங்கிய 200 லீற்றர் இரும்புப் பரல். தார்ப் பரல், இரசாயனப் பரல் எல்லாம் இதைவிட மலிவு. ஆனால் அவற்றுக்குள் முன்பு என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது, கழுவினாலும் போகாது. எண்ணெய்ப் பரலுக்குள்ளும் ஒரு பூச்சு இருக்கும். மேல்தட்டை வெட்டி எடுத்த கையோடு உள்ளே விறகை நிரப்பி இரண்டு மணித்தியாலம் எரியவிட்டேன். பூச்சு செதில் செதிலாகக் கழன்றது. மிச்சத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவிக் காயவைத்து, தேங்காய் எண்ணெய் பூசி இன்னொரு தரம் சூடாக்கினேன். வெட்டிய மேல்தட்டே மூடி. அதில் ஏற்கெனவே இருந்த இரண்டு அங்குல வாய்தான் புகைபோக்கி. அடியில் சுற்றிவர முக்கால் அங்குலத் துளை நாலு: மூன்றுக்கு அடைப்பு, ஒன்றுக்குப் பித்தளைக் குழாய் வால்வு. கரிக்கூடைக்கும் இறைச்சி வைக்கும் கம்பித்தட்டுக்கும் இடையில் இரண்டு அடி.

வெல்டிங் கடைத் தம்பி கூடைக்குக் கோழிக்கூட்டு வலையை நீட்டினார். வேண்டாம் என்றேன். அதில் இருப்பது நாகப் (துத்தநாக) பூச்சு. கரிச்சூட்டில் அது புகையாகக் கிளம்பினால் மூச்சுக்கும் கூடாது, சாப்பாட்டுக்கும் கூடாது. வெறும் இரும்புத் துளைத்தகடு தேட இன்னும் ஒரு கிழமை போனது.

பரலை எங்கே வைப்பது என்பதில் அம்மாவோடு சின்னச் சண்டை. வளவின் பின்பக்கம் மண்ணில் வைக்கலாம் என்றேன். "மண்ணுக்கு மேல நெருப்பு மூட்டாத தம்பி, கீழ என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்" என்றார். கண்ணிவெடி அகற்றின காணிதான். ஆனாலும் குப்பை கொளுத்தும்போது கீழே கிடந்த ஏதோ வெடித்த கதை வன்னியில் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். அம்மாவோடு வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. கிணற்றடிச் சீமெந்துத் தரைக்குப் பக்கத்தில் ஆறு சீமெந்துக் கல் அடுக்கி, அதற்கு மேல் பரலை ஏற்றினேன். இப்போது யோசித்தால் அதுவே நல்ல இடம், தண்ணீரும் கைக்கெட்டும்.

இந்தக் கூத்து முழுவதையும் தொடக்கிவிட்டது ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்திருந்தார். பொங்கல் முடியும்வரை வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை, அதனால் கதை மட்டும்தான். இறைச்சி புகைபோடுகிற ஸ்மோக்கர், ஸ்மோக்கர் என்று மூன்று நாள். இரண்டு ஊசி வைத்த வெப்பமானி ஒன்று கொண்டுவந்தார். ஒரு ஊசி இறைச்சிக்குள், மற்றது தட்டுக்குப் பக்கத்தில். பிரிக்கெட், அதாவது கரித்தூளை அமுக்கிச் செய்த கட்டிக்கரி, ஒரு பை கொண்டுவரத்தான் ஆசையாம், ஆனால் கரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சாமான் பட்டியலில் கரியும் இருக்கிறது. "இங்க பிரிக்கெட் கிடைக்காட்டி ஸ்மோக் பண்ணிச் சரிவராது மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்தான் குத்தியது. சுற்றிவரப் பாலை மரமும் வீரை மரமும் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு பெட்டிக்கரிக்குக் கொழும்பைப் பார்ப்பதா?

சரி, முதல் கோழிக்கு வருவோம். கரி வாங்கியது வீதியோரத்தில் அடுக்கி விற்கும் ஒரு சாக்கு. "தனிப் பாலைக்கரி அண்ணை" என்றார் விற்றவர். வீட்டில் நிறுத்தபோது 20 கிலோ. கொளுத்தினால் புகை தடித்து, மஞ்சள் அடித்த வெள்ளையாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. கரி என்பது காற்றுப் போதாத இடத்தில் மரத்தைச் சூடாக்கி, தண்ணீரையும் தாரையும் வாயுவையும் விரட்டிவிட்டு மிஞ்சுகிற கார்பன். சூடு காணாமல் இடையில் மூடிவிட்டால் தார் உள்ளேயே நின்றுவிடும். பிறகு என் பரலுக்குள் வந்து கோழியில் படியும். கசப்பு அதுதான். அடுத்த நாள் மிச்சக் கரியைத் தறப்பாளில் பரப்பி இரண்டு வெயில் காட்டினேன். எரித்தது 4 கிலோ, மிஞ்சவேண்டியது 16. தராசு காட்டியது பதின்மூன்றரை. மீதி தண்ணீர். கரிக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியிருக்கிறேன்.

பெரியப்பா ஒருகாலத்தில் கரி சுட்டவர். சாக்கடியில் குந்தி இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். "டொக்." இன்னும் இரண்டு. "டொக்." சாக்கின் அடிவரை கைவிட்டுத் துழாவி எடுத்த அடுத்த இரண்டு "கிணிங்" என்றது, கண்ணாடிக் குவளைகள் முட்டிக்கொண்ட மாதிரி. "டொக் எண்டால் அது இன்னும் விறகு. கிணிங் எண்டால்தான் கரி" என்றார். உடைத்தும் காட்டினார். நல்ல கரி உடைந்த இடத்தில் பளபளக்கும், அது உள்ளங்கையில் அதிகம் ஒட்டவில்லை. மற்றது உள்ளே மண்ணிறமாக, நார் நாராகக் கிழிந்தது. அந்தச் சாக்கில் பாதிக்குப் பாதி டொக்.

அதன் பிறகு வீதியோரக் கரி வாங்குவதை விட்டுவிட்டோம். மரக்காலையில் விழுகிற பாலைக் கழிவுத் துண்டுகளை வாங்கி, பெரியப்பாவின் மேற்பார்வையில் இன்னொரு மூடிப்பரலில் நாங்களே சுட்டோம். பாலை தண்ணீரில் தாழ்கிற மரம், அவ்வளவு பாரம். 40 கிலோத் துண்டுக்குக் கிட்டத்தட்ட 10 கிலோக் கரி வந்தது. முதிரை, கருங்காலித் துண்டும் கிடந்தன. அவற்றைக் கரியாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: எங்கே வெட்டிய மரம் என்று சொல்லமுடியாத கரியை வாங்காதீர்கள். மரம் ஏற்றிப்போக அனுமதிப் பத்திரம் வேண்டும். அதைக் கரியாக்கிச் சாக்கில் கட்டிவிட்டால் யார் கண்டது என்று காட்டை அழிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது முயற்சி சிரட்டைக்கரி. எங்கள் சின்ன வயதில் சிரட்டைக்கரி என்றால் ஸ்திரிக்கைப் பெட்டிக்கு. இன்றைக்கு இலங்கையில் இருந்து இது தொழிற்சாலைகளில் ஏறி, தண்ணீர் வடிகட்டும் கரியாக வெளிநாடு போகிறது. சுத்தமான கரி, புகையே இல்லை. மூன்று கிலோப் போட்டேன். 40 நிமிடத்தில் வெப்பமானி 190 பாகை செல்சியஸ். வால்வை முழுக்க மூடினாலும் இறங்க மனமில்லை. இரண்டு மணித்தியாலத்தில் கூடை வெறுமை. அடுத்த தரம் கூடையை நெருக்கி நிரப்பினேன். சிரட்டைத் துண்டு வளைந்தது அல்லவா, கிண்ணத்துக்குள் கிண்ணம் செருகிக்கொண்ட மாதிரி ஒன்றுக்குள் ஒன்று படிந்து, காற்றுப் போக வழியில்லாமல் நெருப்பு நூர்ந்துபோனது. எரிந்தால் பேய், அடைத்தால் பிணம். ஜப்பான் மீனையோ பாரைத் துண்டையோ அரை மணித்தியாலத்தில் சுட்டெடுக்க இதைப்போல ஒன்று கிடையாது. ஆறு மணித்தியாலம் நிதானமாக நிற்கச் சொன்னால் அதற்குச் சுபாவம் இல்லை.

மச்சானின் கணக்கு 225 பாகை பரனைற். எங்கள் கணக்கில் 107 செல்சியஸ். அதிலிருந்து 120 வரை போகலாம். பன்றித் தோள் இறைச்சி மாதிரி நாரும் சவ்வும் உள்ள துண்டை இந்தச் சூட்டில் பல மணித்தியாலம் வைத்தால்தான் சவ்வு உருகி, கையால் பிய்த்தால் பிரியும். அம்மாவின் குசினிக்குள் பன்றி ஏறாது என்பதால் பரல் வெளியில் நிற்பதில் ஒரு வசதி: சட்டி, கத்தி, பலகை எல்லாம் கிணற்றடியோடு நின்றுவிடும்.

பாலைக்கரியைச் சாக்கில் இருந்து அப்படியே கொட்டி வைத்த நாள் குறிப்பைப் பார்க்கிறேன்: 10 மணிக்கு 108. 11 மணிக்கு 131. 11.40க்கு 97. பிறகு திடீரென்று 146. முழங்கை நீளத் துண்டும் கச்சான் அளவுத் துணுக்கும் தூளும் கலந்து கிடந்தால் வேறென்ன நடக்கும்? தூள் இடைவெளிகளை அடைக்கிறது, சூடு விழுகிறது. நான் வால்வைத் திறக்கிறேன். அதற்குள் பெரிய துண்டு ஒன்று பற்றிக்கொள்கிறது, சூடு ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் ஓடித்திரிகிறேன். இடையிடையே பொறி வேறு பறக்கும்.

கடைசியில் வெட்கத்தை விட்டு, கொழும்பில் இருந்து வந்த உறவினர் ஒருவரிடம் சொல்லி சுப்பர்மார்க்கெட் பிரிக்கெட் பெட்டி ஒன்று எடுப்பித்தேன். எங்கள் பாலைக்கரியைப்போல மூன்று மடங்கு விலை. எல்லாம் தலையணை வடிவில் ஒரே அச்சு. கூடையில் 4 கிலோ நிரப்பி, நடுவில் ஒரு குழி விட்டு, பால்மா ரின்னில் தனியாகப் பற்றவைத்த பத்துப் பன்னிரண்டை அந்தக் குழியில் போட்டேன். மினியன் முறை என்பார்கள்: பற்றின கரி கொஞ்சம், பற்றாதது நிறைய, நெருப்பு மெல்ல மெல்லத் தானே பரவும். 107க்கும் 113க்கும் இடையில் ஏழு மணித்தியாலம் 40 நிமிடம். வால்வை இரண்டே இரண்டு தரம் தொட்டேன். பின்னேரம் கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடித்தேன், அது இந்தப் பரலோடு அதுவரை நடக்காத காரியம். மச்சான் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். பற்றத் தொடங்கும்போது ஒரு இரசாயன வாடை இருந்தது. சில பிரிக்கெட்டுகளில் கரித்தூளோடு நிலக்கரித் தூள், சுண்ணாம்புக்கல், சீக்கிரம் பற்றுவதற்கு உப்பு வகை என்று சேர்ப்பார்கள். சாம்பல் வெள்ளையாகத் தெரிவது சுண்ணாம்பால்தான். அந்தச் சாம்பல்தான் பெரிய தலைவலி. 4 கிலோவுக்கு 900 கிராம் சாம்பல் அள்ளினேன். அதே அளவு பாலைக்கரி விட்டது ஒரு கைப்பிடி, 120 கிராம். எட்டாவது மணியை நெருங்கும்போது பரலின் அடித்துளை சாம்பலில் புதைந்து, வால்வு திறந்திருந்தும் காற்று ஏறவில்லை. ஒரு கம்பியை விட்டுக் குத்தித்தான் மூச்சு விடவைத்தேன். அணைத்து மிஞ்சினதை அடுத்த கிழமை திரும்பப் பாவிக்கலாம் என்று பார்த்தால் பாதி கையில் எடுக்கவே உதிர்ந்தது. பாலைக்கரி அப்படியில்லை. துளையெல்லாம் மூடி நூர்த்துவிட்டால் அடுத்த தரத்துக்கு அதே கரி.

புகை மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கரி மணம், அந்தக் கரி மணம் என்று பெரிதாகக் கதைக்கிறார்கள். நன்றாகச் சுட்ட கரியில் மணம் தரும் பொருள் அதிகம் மிஞ்சியிருக்காது. இறைச்சிக்கு மணம் தருவது மேலே வைக்கிற மரத்துண்டு. நான் காய்ந்த கொய்யாக் கட்டை இரண்டு, இல்லாவிட்டால் புளி. மெல்லிய நீலப் புகை வந்தால் சரி. மாசிக் கருவாடு போடுகிறவர்கள் சூரை மீனை அவித்துப் புகைபோடுவதும் இதே கணக்குத்தான், அங்கே புகைக்குத் தேங்காய்ப் பொச்சு.

ஆக, எனக்கு வேண்டியது பிரிக்கெட்டின் சரக்கல்ல, ஒரே அளவு. இது உறைத்த நாளில்தான் பிரிக்கெட் எங்கிருந்து வந்தது என்பதும் வேறுமாதிரித் தெரிந்தது. பிரிக்கெட் கட்டியின் வடிவம் ஒன்றுக்கு 1897இல் பென்சில்வேனியாவில் எல்ஸ்வர்த் ஸ்வோயர் என்பவர் காப்புரிமை எடுத்திருக்கிறார். அதை ஊரெல்லாம் கொண்டுபோனது 1920களில் ஹென்றி ஃபோர்ட். மொடல் ரீ கார் செய்யும்போது மிஞ்சிய மரக்கழிவு வீணாகக்கூடாது என்று அதைக் கரியாக்கி, தூளாக்கி, மாப்பசை சேர்த்துக் கட்டியாக்கி விற்றார். அதாவது அதுவும் மரக்காலைக் கழிவுதான். என் சாக்கின் அடியில் கிலோக் கணக்கில் கிடந்த தூளை நான் கத்தரிக்குக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

கொட்டுவதை நிறுத்தினேன். பாலைத்தூளும் உடைத்த சிரட்டைக்கரித் தூளும் சரிபாதி. அரித்துத்தான் எடுக்கவேண்டும். மணல் சேர்ந்தால் அவ்வளவும் சாம்பலாக வரும். அம்மாவின் மா அரிதட்டை அவருக்குத் தெரியாமல் எடுத்தேன், அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது. புது அரிதட்டு ஒன்று வாங்கிக் கொடுத்த செலவையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பசைக்கு மரவள்ளி மா. சீலைக்குக் கஞ்சி போடுகிற பதத்தில் தண்ணீரில் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே தூளில் விட்டுப் பிசைய வேண்டும். முதல் தொகுதிக்கு ஒரு கிலோத் தூளுக்கு 30 கிராம் மா. காய்ந்த பிறகு தூக்கினால் பிட்டு. இரண்டாவதற்கு 80 கிராம். இரண்டு அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் வெட்டி அச்சாக்கி, பிடி கழன்ற மண்வெட்டிக் கம்பின் முனையால் இடித்து, ஒன்றரை அங்குலக் கட்டியாகத் தள்ளினேன். கை நிறையப் பிசைந்ததை இறுக்கிப் பிடித்தால் விரல் அடையாளம் நிற்கவேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. பதம் அவ்வளவுதான். மூன்றாவது தொகுதியில் அவசரப்பட்டு இரண்டே நாள் காயவைத்தேன். வெளியே கல்லு, உள்ளே ஈரம். நெருப்பில் போட்டதும் பட் பட்டென்று பிளந்து கூடையெல்லாம் துணுக்கு. இப்போது ஐந்து வெயில். ஒன்றை உடைத்துப் பார்த்து நடுவும் வெளியும் ஒரே நிறமாக இருந்தால்தான் சாக்கில் கட்டுவேன்.

பரலில் வைத்தபோது கடைப் பிரிக்கெட் அளவுக்கு நிதானம் என்று சொல்லமாட்டேன். 104க்கும் 118க்கும் இடையில் ஆறரை மணித்தியாலம். வாடை இல்லை. சாம்பல் 4 கிலோவுக்குக் கால் கிலோவுக்குக் கிட்ட. பற்றுவதற்குத்தான் பஞ்சிப்படும். அதற்குச் சிரட்டைக்கரி இருக்கிறதே, பால்மா ரின்னுக்குள் அதை நிரப்பிப் பற்றவைத்தால் பத்து நிமிடத்தில் தணல்.

இன்றைக்கு என் கூடை இப்படி நிரம்புகிறது: அடியில் தேசிக்காய் அளவுக்கும் கைமுட்டி அளவுக்கும் இடைப்பட்ட பாலைக்கரி. அதற்கு மேல் வீட்டுப் பிரிக்கெட் நெருக்கமாக. நடுக்குழியில் சிரட்டைத் தணல். பெரிய துண்டுகளை உடைப்பேன், துணுக்கு மீனுக்குப் போகும், தூள் அச்சுக்குப் போகும். கோழிக்குப் பிரிக்கெட்டே தேவையில்லை, அளவு பிரித்த பாலைக்கரியே இரண்டு மணித்தியாலம் வடிவாக நிற்கும். பெட்டிப் பிரிக்கெட் ஒரு கிலோவளவு இன்னும் கிடக்கிறது, எப்போதாவது இராமுழுக்கப் புகைபோட வந்தால் எடுக்கலாம் என்று.

ஆனியிலும் ஆடியிலும் சோளகம் எல்லாக் கணக்கையும் குழப்பியது. வால்வு காற்றைப் பார்த்தபடி நின்றதால் யாரோ துருத்தி ஊதின மாதிரி ஒரே ஏற்றம். 118இல் நின்றது 20 நிமிடத்தில் 160. எந்தக் கரியாக இருந்தாலும் அந்தக் காற்றுக்கு முன்னால் ஒன்றுதான். பரலை அரை வட்டம் திருப்பி, இரண்டு தகரத்தை நட்டு மறைப்புக் கட்டினேன்.

ஆவணியில் ஒருநாள் எதிர்பாராமல் மழை பிடித்தபோது பக்கத்து வீட்டுப் பெடியள் பரலைத் தூக்கி விறாந்தைக்குள் வைக்க ஓடிவந்தார்கள். விடவில்லை. கரி எதுவானாலும் தணலில் இருந்து காபன் மோனொக்சைட் வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூடின இடத்தில் ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். சாம்பல் மூடி நூர்ந்த மாதிரிக் கிடக்கிற தணலும் அப்படித்தான். மூடியின் வாயில் ஒரு கூரை ஓட்டைச் சாய்த்துவைத்துவிட்டு நனைந்துகொண்டே நின்றோம். மாரிக்கு முன் நாலு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டில் போடவேண்டும். கம்பு தறித்து வைத்தாயிற்று.

போன ஞாயிறு மூன்று கிலோப் பன்றித் தோள், வீட்டுக் கலவைக் கூடையில். காலை ஆறேகாலுக்கு மூடி போட்டது, பின்னேரம் மூன்றரைக்கு உள் ஊசி 93 காட்டியது. இடையில் ஒரு தரம் கரி சேர்த்தேன். எலும்பைப் பிடித்து இழுக்க அது தனியே வந்தது. மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "என்ன பிரிக்கெட் மச்சான்?" என்று கேட்டார். பிவிசி குழாயின் படத்தை அனுப்பிவைத்தேன்.

அம்மா இன்னும் பரலடிக்கு வருவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த கட்டிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பிராணித் தட்டுக்கு நல்ல அளவாம். "இது பன்றிக்குக் கிட்டப் போகாததுதானே?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, எண்ணி எட்டை எடுத்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.